பஸ்ஸில் ஒரு கவிதை நோட்டு: கவிதைப் பழக்கத்துக்கு முழுமையான வழிகாட்டி, அது எனக்குக் கற்றுத்தந்த வாழ்க்கையோடு

நான் சேலம் அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள். ஏற்காட்டில் நாகலூர் போகும் சாலையில் உள்ள ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். 17 ஆண்டுகளாகக் காலையில் மலை ஏறி மாலையில் இறங்குகிறேன். அந்தப் பயணத்தில்தான் கவிதை எழுதப் பழகினேன். புத்தகம் எதுவும் போடவில்லை. எழுதியதில் பெரும்பகுதியை என்னைத் தவிர இரண்டு பேர்தான் படித்திருக்கிறார்கள். ஆனாலும் இந்தப் பழக்கம் என்னை நிறைய மாற்றியிருக்கிறது. பிள்ளைகளிடம் பேசும் விதம், அண்ணனிடம் சண்டை போடும் விதம், அப்பாவின் சாவைத் தாங்கிய விதம் எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

பள்ளிக்கூட நாளில் எழுதிவிட்டு அப்புறம் விட்டவர்களுக்கும், போனில் நாலு வரி தட்டிவிட்டு அழித்துவிடுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு படியையும் நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன். முழுதும் செய்துபார்க்க ஓர் ஆண்டு ஆகும்.

முதல் படி: நேரமும் நோட்டும்

ஒரு நாளில் ஏற்கெனவே இருக்கிற ஓர் இடைவெளியைத் தேடுங்கள். புதிதாக நேரம் ஒதுக்கினால் பத்து நாளில் அது வேறு வேலைக்குப் போய்விடும். எனக்குக் கிடைத்தது பஸ். சேலத்தில் ஏறினால் ஏற்காட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வரைக்கும் சாலை நேராக இருக்கும், எழுதலாம். அதற்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள். பென்சில் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் சாயும். முதல் வாரம் அதற்குள்ளும் எழுத முயன்று வாந்திதான் மிச்சம்.

அதனால் அடிவாரத்தில் நோட்டை மூடிவிடுவது என்று முடிவு செய்தேன். மேலே போகும்வரை ஜன்னலுக்கு வெளியேயும் பஸ்ஸுக்கு உள்ளேயும் பார்ப்பது மட்டும்தான் வேலை. பார்த்ததை மாலையில், இறங்கி வந்து நேர்ச்சாலை தொடங்கியதும் எழுதுவேன். பகல் முழுதும் மனதில் தங்காமல் போனதை விட்டுவிடுவேன். இது தற்செயலாக அமைந்தது. ஆனால் இந்தப் பழக்கத்திலேயே எனக்கு மிகவும் உதவியது இதுதான். எழுதும் நேரத்தையும் பார்க்கும் நேரத்தையும் பிரித்து வையுங்கள்.

நோட்டு எண்பது பக்கம் போதும், கோடு போட்டது. பென்சில் நல்லது. ஏற்காட்டுச் சாரலில் நனைந்தால் பேனா மை ஓடிவிடும், பென்சில் எழுத்து நிற்கும். போனில் எழுத வேண்டாம் என்றே சொல்வேன். அடித்த சொல் போனில் காணாமல் போய்விடுகிறது. அடித்த சொல்லைப் பார்த்தால்தான் நாம் எங்கே தடுமாறினோம் என்று பிறகு தெரியும்.

நாள் தவறத்தான் செய்யும். ஆரம்பத்தில் நான்கு நாள் விட்டுப்போனால் புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் புதுத் தேதி போட்டுத் தொடங்குவேன். பாதி நோட்டுகளாக ஏழு சேர்ந்தன. அதைப் பார்த்த அப்பா சொன்னார்: "இழை அறுந்தா பாவையா கழட்டுவாங்க, கண்ணு? முடிச்சப் போட்டுட்டு நாடாவ ஓட்டு." அப்பா அறுபது வயது வரை குழித்தறியில், தரைக்குழிக்குள் காலை விட்டு மிதித்து நெய்யும் தறியில், உட்கார்ந்தவர். பா என்பது தறியில் நீளவாக்கில் கட்டும் நூல், நாடா அதன் குறுக்கே நூலைக் கொண்டு ஓடுவது. ஒரு பாவில் ஆயிரக்கணக்கான இழைகள், எத்தனையோ அறும். முடிச்சு விழுந்த இடம் சேலையில் தெரியாது, நெய்தவர் விரலுக்கு மட்டும் தெரியும். அதற்குப் பின் தவறிய நாளுக்கு ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு அடுத்த வரியிலேயே எழுதுகிறேன். யோகா, கடன் அடைப்பது, மாமியாரோடு பேச்சு நின்றுபோவது எல்லாவற்றுக்கும் இதையே செய்கிறேன்.

இரண்டாம் படி: பார்த்ததை மட்டும் எழுதுவது

முதல் நான்கு வாரம் கவிதையே எழுதக் கூடாது. ஒரு நாளைக்கு மூன்று வரி, மூன்றும் அன்றைக்குக் கண்ணால் பார்த்தவை, காதால் கேட்டவை. அழகான, சோகமான, இனிய என்ற சொற்கள் வரக் கூடாது. "போல" வேண்டாம். உங்கள் கருத்து வேண்டாம்.

என் பழைய நோட்டிலிருந்து: "அறுபது அடிப் பாலத்தில் குரங்கு ஒன்று பிஸ்கட் உறையைப் பிரித்து உள்ளே மூக்கை விட்டது." "கண்டக்டர் சில்லறை இல்லாமல் ஒரு ரூபாய்க்குப் பதில் புளிப்பு மிட்டாய் கொடுத்தார்." "மழையில் கோரிமேட்டுக் கடைக்காரர் தட்டுவடை செட்டுக்குத் துருவிய பீட்ரூட்டை முறத்தால் மூடினார்." இவை கவிதை ஆகவில்லை. ஆக வேண்டியதும் இல்லை.

இது எளிதாகத் தெரியும். உட்கார்ந்தால்தான் கஷ்டம் புரியும். நாம் பார்ப்பதே இல்லை, பார்த்தவுடன் முடிவு கட்டிவிடுகிறோம். இதை நான் வகுப்பறையில் தெரிந்துகொண்டேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன் முதல் பாடவேளையில் தினமும் தூங்குவான். "சோம்பேறி" என்று என் மனதில் எழுதியாகிவிட்டது. அந்த நான்கு வாரத்தில் ஒரு நாள், பஸ்ஸில் எழுத ஒன்றும் இல்லாமல் அவனைப் பற்றி எழுதினேன். சோம்பேறி என்று எழுத விதி இடம் தரவில்லை. அதனால் எழுதியது: "கால்சட்டையில் முழங்கால் வரை ஈரம். ஈரத்தில் ஒட்டுப்புல் விதைகள்." மறுநாள் கவனித்தேன், அதேதான். மூன்றாம் நாளும் அதேதான். அப்புறம்தான் கேட்கத் தோன்றியது, "எந்த வழியா வர்ற சாமி?" காப்பிக் காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து ஒற்றையடிப் பாதையில், விடியும் முன்பே கிளம்பிப் பனிப்புல்லில் நடந்து வருகிறான். நான் அவனுக்கு ஏழு மாதமாக ஆசிரியர். முதல் பாடவேளையில் அவனை எழுந்து படிக்கச் சொல்வதை நிறுத்தி மூன்றாவதுக்கு மாற்றினேன். நன்றாகப் படித்தான்.

அதிலிருந்து யார் மேலாவது கோபம் வந்தால், அவரைப் பற்றிக் கண்ணால் பார்த்த மூன்று விஷயங்களை எழுதிவிட்டுத்தான் பேசுகிறேன். எல்லா நேரமும் முடிகிறது என்று சொல்ல மாட்டேன். முடிந்த நாட்களில் பேச்சு வேறு மாதிரி போகிறது.

மூன்றாம் படி: பெயர் தெரிந்துகொள்வது

"மரம்", "பூ", "பறவை" என்று நோட்டில் வந்தால் அடிக்கோடு போடுங்கள். அந்த வாரத்துக்குள் யாரையாவது கேட்டுப் பெயரைக் கண்டுபிடியுங்கள். நான் பல ஆண்டு பார்த்த "நெட்டை மரம்" சில்வர் ஓக். அதில் ஏறிய கொடி மிளகு.

தகவலையும் சரிபாருங்கள். "ஆதியிலிருந்து மணக்கும் காப்பிக் காடே" என்று ஒரு முறை எழுதினேன். எங்கள் பள்ளியில் சமூக அறிவியல் எடுப்பவர் படித்துவிட்டு, காப்பி இந்த மலைக்கு வந்ததே 1820களில்தான், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது என்றார். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கும் ஆஸ்திரேலிய மரம். காலகாலமாக இங்கேயே இருப்பது என்று நான் உருகிய காட்சியில் பாதி வந்து சேர்ந்தது. அந்த வரி போயிற்று, அதைவிட நல்ல கேள்வி ஒன்று கிடைத்தது: காப்பிக்கு முன்னால் இந்தச் சரிவில் என்ன நின்றது? அதைக் கேட்டுக்கொண்டு, இந்த மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடிப் பெரியவர்கள் சிலரிடம் பேசப் போனேன். சாமை, தினை, தேன், சேர்வராயன் கோயில் குகை என்று அவர்கள் சொன்னவை தனி நோட்டாக இருக்கின்றன.

நான்காம் படி: உணர்ச்சிக்கு ஓர் இடம் கொடுப்பது

இப்போது கவிதைக்கு வரலாம். இங்கே தொல்காப்பியம் சொல்லும் மூன்று பொருளைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியாது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்த நிலத்தில் உள்ளவை: மரம், விலங்கு, தொழில், உணவு, தெய்வம். உரிப்பொருள்தான் உணர்ச்சி. தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்திருப்போம். எழுதுகிறவருக்கு அது வேலை செய்யும் கருவி.

நோட்டில் ஒரு பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். மேலே எந்த இடம், எந்த மாதம், எந்த நேரம் என்று எழுதுங்கள். நடுவில் அங்கே இருந்த பொருட்கள், ஏழெட்டாவது இருக்கட்டும். கீழே உங்கள் உணர்ச்சி, ஒரே ஒரு சொல். பிறகு அந்தக் கீழ்ச் சொல்லைப் பயன்படுத்தாமல் மேலே உள்ளவற்றை மட்டும் வைத்துக் கவிதை எழுதுங்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சித்திரை மாதம் ஏற்காட்டில் சால்வையோடு பஸ் ஏறினால், மதியம் சேலத்தில் இறங்கும்போது குறிஞ்சியிலிருந்து பாலைக்கு வந்துவிடுவோம். பாலைக்குரிய பொழுது நண்பகல், உணர்ச்சி பிரிவு என்று ஏன் வைத்தார்கள் என்பதை அந்த வெயிலில் உச்சி மண்டை காயும்போது உடம்பே சொல்லும்.

அப்பா இறந்து முப்பது நாள் ஆனபோது நான் எழுதிய முதல் வரிகள் இவை:

அப்பா, நீ இல்லாத வீடு
இருண்டு கிடக்கிறது.
என் இதயத் தறியில்
கண்ணீர் இழைகள்.

எழுதும்போது உண்மையாகவே அழுதேன். ஆனால் இந்த வரிகளில் என் அப்பா இல்லை. யாருடைய அப்பாவுக்கும் இது பொருந்தும். மூன்றாகப் பிரித்த பக்கத்தை எடுத்து மேலே "தறி வீடு, மதியம் மூன்று மணி" என்று எழுதினேன். நடுவில்: தறிக்குழி, மிதிகட்டை, நாடாக் கயிறு, கோபால் பல்பொடி டப்பா, பலகை, மின்விசிறி. கீழே: "இல்லை" என்ற சொல். மூன்று மாதம் கழித்து நின்றது இது:

தறிக்குழியில்
அப்பாவின் கால் பட்ட இடம்
வழுவழுப்பாய் இருக்கிறது.
பலகை போட்டு மூடினோம்,
குழந்தைகள் விழுந்துவிடக் கூடாது.
மின்விசிறி சுற்றும்போதெல்லாம்
நாடாக் கயிறு மட்டும்
கொஞ்சம் ஆடுகிறது.

என் அண்ணன் கவிதை படிக்கிறவர் இல்லை. இதைப் படித்துவிட்டுத் தறி வீட்டுக்குள் போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தார். துக்கத்தைப் பெரிய சொல்லில் கட்டினால் அது பாரமாகவே இருக்கிறது. ஒரு பலகையிலும் ஒரு கயிற்றிலும் வைத்தபோது எனக்குச் சாப்பிட முடிந்தது, பள்ளிக்குப் போக முடிந்தது. மனம் சரியில்லை என்று யாராவது சொன்னால் இப்போது நான் ஏன் என்று கேட்பதில்லை. எங்கே இருந்தீர்கள், அப்போது மணி என்ன, பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்கிறேன். அவர்களுக்குப் பேச எளிதாக இருக்கிறது.

ஐந்தாம் படி: ஆறு மாதம் வெண்பா

இந்தப் படியில் பலர் ஓடிவிடுவார்கள். தயவுசெய்து இருங்கள். 1959-இல் "எழுத்து" இதழ் வந்த பிறகு புதுக்கவிதை வேரூன்றி இத்தனை ஆண்டு ஆகிவிட்டதே, இனி யாப்பு எதற்கு என்று நானும் கேட்டவள்தான். புதுக்கவிதை எழுதவே ஆசைப்படுகிறேன், அதையே எழுதுகிறேன். ஆனாலும் ஆறு மாதம் குறள் வெண்பா எழுதியது காதைத் திறந்துவிட்டது.

விதி சுருக்கமாக. தனியாக வரும் குறிலோ நெடிலோ நேரசை. இரண்டு குறில் சேர்ந்தாலும், குறிலும் நெடிலும் சேர்ந்தாலும் நிரையசை. பின்னால் மெய்யெழுத்து வந்தால் கணக்கில் சேராது. அசைகள் சேர்ந்தால் சீர்: நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நேர் நிரை கூவிளம், நிரை நிரை கருவிளம். மூன்று அசை வந்து கடைசி நேராக இருந்தால் காய்ச்சீர். வெண்பாவில் மாவுக்குப் பின் நிரை வர வேண்டும், விளத்துக்குப் பின் நேர், காய்க்குப் பின் நேர். சீரும் சீரும் சேரும் இந்தப் பொருத்தம்தான் தளை, அது பிசகினால் தளை தட்டுகிறது என்பார்கள். குறள் வெண்பா என்றால் முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று, கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒரு வாய்பாடு. அவ்வளவுதான். ஒரு வாரம் பேருந்துப் பலகைகளையும் கடைப் பெயர்களையும் அசை பிரித்துப் பார்த்தால் கைவந்துவிடும். "அம்மாபேட்டை" நேர் நேர் நேர் நேர். நாலசை, வெண்பாவுக்கு ஆகாது. எனக்கு வருத்தம்தான்.

ஒரு உதாரணத்தை முழுதாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை காலைகளில் ஒரு பாட்டி பஸ்ஸில் வருவார். சேலத்தில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டு எஸ்டேட் வேலைக்குத் திரும்புகிறவர். முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டிக்கொண்டே இருப்பார். கொண்டை ஊசி வளைவுகளை எண்ணுகிறார் என்று நினைத்தேன். அழகாக இருந்தது. எழுதினேன்:

பனிபட்ட கம்பியில் பாட்டி விரல்கள்
எண்ணும் வளைவுகளை...

தளை தட்டுகிறது. "விரல்கள்" நிரை நேர், புளிமா. மாவுக்குப் பின் நிரை வேண்டும், "எண்ணும்" நேரில் தொடங்குகிறது. முதல் அடியின் "பனி"க்கு எதுகையும் இல்லை. எனக்குப் பிடித்த அந்த "எண்ணும் வளைவு" உள்ளே வரவே மாட்டேன் என்றது. இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். "தனி" எதுகைக்கு வந்தது. "தனியாக எண்ணும் வளைவு" என்று வைத்தால் கடைசிச் சீர் உறுத்தியது. "பிறப்பு" வாய்பாட்டுக்கு வல்லின உகரம் வேண்டும் என்று சொற்களை அடுக்கிப் பார்த்தேன்: சிரிப்பு, விளக்கு, கணக்கு. நின்றது:

பனிபட்ட கம்பியில் பாட்டி விரல்கள்
தனியாகப் போடும் கணக்கு.

வளைவு போய்விட்டது. எனக்கு அது நஷ்டமாகவே தோன்றியது. அப்படியே விட்டேன். இந்தப் பாட்டியின் கதைக்குப் பிறகு திரும்ப வருகிறேன்.

நமக்கு வேண்டிய சொல் கிடைக்காதபோது தேடிப் போகும் வழியில் வேறொன்று கிடைக்கிறது என்பதை யாப்பு தினமும் காட்டுகிறது. விரும்பிய ஊருக்கு எனக்குப் பணி மாறுதல் இரண்டு முறை கிடைக்காமல் போனது. முதல் முறை ஒரு வாரம் சாப்பிடவில்லை. இரண்டாம் முறை கிடைக்காமல் போனது, வெண்பாவில் பழகிய பிறகு. "சரி, இந்தச் சீர் இங்கே வராது, வேற பார்ப்போம்" என்று என்னையறியாமல் வாய்விட்டுச் சொன்னேன். அந்த ஆண்டுதான் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கினேன்.

இன்னொன்று, எதை எழுதினாலும் வாய்விட்டுப் படியுங்கள். பஸ்ஸில் உதடு மட்டும் அசையும்படி படிக்கலாம், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் பழைய நுழைவாயில் வளைவு நிற்கிறதே, அதைக் கடக்கும்போது தினமும் ஒரு முறை உதடு அசைத்துவிடுவேன். 1930களில் தொடங்கிய அந்த ஸ்டுடியோவில் எத்தனை வசனமும் பாட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கப்பட்டிருக்கும். மூச்சு முட்டும் இடத்தில் வரியில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

ஆறாம் படி: ஊறப்போடுவது, வெட்டுவது

எழுதி முடித்ததும் தேதி போட்டு மூடிவையுங்கள். நாற்பது நாள் தொடாதீர்கள். காப்பித் தோட்டத்தில் நவம்பரிலிருந்து பழம் பறிப்பார்கள். ஒரே செடியில் பழமும் செங்காயும் பச்சைக்காயும் சேர்ந்து இருக்கும். சிவந்ததை மட்டும் கிள்ளிவிட்டு மற்றதை விடுவார்கள், சில வாரம் கழித்து அதே செடிக்குத் திரும்ப வருவார்கள். இப்படி இரண்டு மூன்று சுற்று. ஒரே நாளில் உருவிவிட்டால் பச்சைக்காய் சேர்ந்து கொட்டையின் ருசி கெடும். கவிதையையும் சுற்றுச் சுற்றாகத் திருத்துங்கள். முதல் சுற்றில் பொய்யான வரிகளை மட்டும் எடுங்கள். அடுத்த சுற்றில் இரண்டு முறை சொன்னதை எடுங்கள். கடைசிச் சுற்றில் கடைசி வரியை மூடிவிட்டுப் படியுங்கள், பெரும்பாலும் அது இல்லாமலே கவிதை நிற்கும்.

என் நோட்டின் பின் அட்டையில் ஒரு சிறு பட்டியல் இருக்கிறது: இதயம், மௌனம், கனவு, சிறகு, வலி, விழி. இவற்றில் ஒன்று வந்தால் அந்த வரியை மறுபடி யோசிப்பேன். உங்கள் பட்டியல் வேறாக இருக்கும். பழைய பத்துக் கவிதைகளை எடுத்து, அடிக்கடி வரும் சொற்களை எண்ணினால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அப்பா போன பிறகு தறியை விற்பது பற்றி அண்ணனுக்கும் எனக்கும் மனத்தாங்கல். ஒரு இரவு வாட்ஸ்அப்பில் அவருக்கு நீளமாக எழுதினேன். யார் அப்பாவைப் பார்த்துக்கொண்டது, யார் எத்தனை நாள் வரவில்லை, எல்லாம் இருந்தது. அனுப்பும் முன், பழக்க தோஷத்தில், அதை நோட்டில் பார்த்து எழுதித் தேதி போட்டேன். நாற்பது நாள் பொறுக்க முடியவில்லை, பத்து நாள் பொறுத்தேன். எடுத்துப் படித்தபோது முதல் சுற்றிலேயே பாதி போயிற்று. அவையெல்லாம் நடந்தவைதான், ஆனால் நான் சொல்ல வந்தது அவற்றை இல்லை. அனுப்பியது இவ்வளவு: "அண்ணா, அப்பா தறியை விக்க வேண்டாம்னு எனக்குத் தோணுது. ஞாயித்துக்கிழமை வர்றேன், பேசலாம்." அவர் பதில்: "வா. அண்ணி வெண்டைக்காய் புளிக்குழம்பு வெக்கிறா." தறி இன்னும் இருக்கிறது.

ஏழாம் படி: எழுத வராத மாதங்கள்

வரும். எனக்கு நீளமானது ஐந்து மாதம், அப்பா மருத்துவமனையிலும் வீட்டிலுமாகக் கிடந்த காலம். அந்தக் காலத்தில் கவிதைக்கு முயலவே வேண்டாம். நோட்டை மட்டும் விடாதீர்கள். நான் எழுதியதெல்லாம் மாத்திரை நேரம், குடித்த கஞ்சி எத்தனை கரண்டி, ஆட்டோவுக்கு எவ்வளவு என்பதுதான். பிற்பாடு அப்பாவைப் பற்றி எழுதிய கவிதைகளில் பாதி அந்தப் பக்கங்களிலிருந்து வந்தன.

காப்பி மொட்டு, கட்டியதும் விரிவதில்லை. சில வாரம் வறட்சி வேண்டும். செடி வாடும் அளவுக்குக் காய்ந்த பிறகு, மார்ச் ஏப்ரலில் முதல் நல்ல மழை விழுந்தால், சுமார் பத்து நாளில் தோட்டம் முழுதும் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை மாதிரி மணம் பஸ்ஸுக்குள்ளேயே வரும். மூன்று நாலு நாளில் உதிர்ந்துவிடும். வறட்சி இல்லாமல் நனைந்துகொண்டே இருந்தால் பூ இப்படி ஒன்றாக வராது. ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை இதை எனக்கு விளக்கிய நாளிலிருந்து எழுத வராத மாதங்களைப் பார்த்துப் பயப்படுவது குறைந்தது.

அந்த மாதங்களில் நன்னூலை எடுத்துப் பாயிரத்தை மட்டும் படியுங்கள். நூல் செய்வதைப் பஞ்சில் நூல் நூற்பதாக அங்கே ஒரு வெண்பா சொல்கிறது. சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கும் பெண், வாய் கை, அறிவு நூல் சுற்றும் கதிர். அப்பாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். "சரியாத்தான் சொல்லியிருக்காரு. ஆனா பஞ்சு வாங்குனவன் யாரு, அத எழுதலையே" என்றார்.

எட்டாம் படி: வாசித்துக் காட்டுவது

பத்திரிகைக்கு அனுப்பும் முன் ஒரே ஒருவரிடம் காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். மறுநாள் போய், "எந்த வரி ஞாபகம் இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். அவருக்கு நினைவில் இல்லாத வரிகளைப் பாருங்கள். என்னுடைய அந்த ஒருவர் எங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியை. பத்திரிகைகளுக்கு இதுவரை பதினொரு கவிதை அனுப்பினேன், இரண்டு வந்தன. திரும்பி வந்தவற்றில் நான்கு இன்னும் நல்லவை என்றே நினைக்கிறேன்.

ஆனால் இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. யாரைப் பற்றி எழுதினீர்களோ, முடிந்தால் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் நோட்டோடு நிறுத்துங்கள். இன்னொருவர் விரலை எடுத்து நம் வரியில் வைக்கிறோம், அவருக்குத் தெரிய வேண்டும்.

அந்தக் குறளை எழுதி ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்து, ஒரு திங்கட்கிழமை அந்தப் பாட்டியின் பக்கத்தில் இடம் கிடைத்தது. தயங்கித் தயங்கி வாசித்தேன். சிரித்தார். "என்னையா எழுதியிருக்கீங்க டீச்சரம்மா?" பிறகு நானே சொன்னேன், நீங்கள் வளைவை எண்ணுவீர்கள் இல்லையா, அதைத்தான் என்று.

"வளைவா? அத எதுக்கு நான் எண்ணோணும், அதுபாட்டுக்கு வந்துட்டுத்தான் இருக்கும். போன வாரம் எத்தன நாள் வேலைக்குப் போனேன், மேஸ்திரி எத்தன நாள் எழுதினாருன்னு விரல் விட்டுப் பாத்துக்கிட்டு வருவேன். எனக்கு எழுத்து தெரியாதில்ல."

நான் ஆசைப்பட்ட சொல் தவறு. தளை தட்டி என்னை அலைக்கழித்து, வேறு வழியில்லாமல் வந்து உட்கார்ந்த "கணக்கு"தான் அவர் விரலில் உண்மையாகவே இருந்தது. "வளைவு" என்று அச்சாகியிருந்தால் அந்த அம்மாளின் கூலியை நான் ஓர் அழகான காட்சியாக மாற்றியிருப்பேன்.

அதை எழுதித் தரச் சொன்னார். நோட்டின் தாளைக் கிழித்துப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை பேத்தியோடு வந்தார், ஆறாம் வகுப்பு இருக்கும். தாள் நாலாக மடித்துப் பேத்தியின் பையில் இருந்தது.

"டீச்சர், நான் ஆயாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ஆனா பாட்டின்னு போட்டிருக்கீங்க. நாங்க ஆயான்னுதானே சொல்லுவோம்?"

விரல் விட்டு அசை பிரித்துப் பார்த்தேன். "கம்பியில்" விளம், பின்னால் நேர் வேண்டும். "ஆயா" நேர் நேர், தேமா. அடுத்து "விரல்கள்", நிரை. தளை தட்டவில்லை. "பனி"க்கும் "பாட்டி"க்கும் இருந்த மோனை மட்டும் போய்விடும். பஸ் நாற்பது அடிப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. அடிவாரத்துக்கு மேல் நான் எழுதுவதில்லை, ஆனாலும் பென்சிலை எடுத்தேன்.

பனிபட்ட கம்பியில் ஆயா விரல்கள்
தனியாகப் போடும் கணக்கு.

எழுத்து கோணல்மாணலாக இருந்தது. பேத்தி பழைய தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் புதியதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.